ஓல்கா விரிகுடாவுக்குப் போன துப்பாக்கி

குளிர்க்கடல் நடுவே இருக்கிற கோடியாக் தீவு ஊரில் தோரா ஹாகனைத் தெரியாதவர்கள் குறைவு. மீன் தொழிற்சாலைக்காரர்களுக்கு அவள் டப்பா மூடும் இயந்திரம் நின்றுபோனால் கூப்பிட வேண்டிய ஆள். கரடி வேட்டைக்கு வழிகாட்டிகளாகப் போகிறவர்களுக்குத் துப்பாக்கி செய்து தருகிறவள். மற்றவர்களுக்கு, வாய் கொஞ்சம் கடுமையான, ஒண்டியாக வாழ்கிற பெண்பிள்ளை.

அவள் அப்பா ஹாலிபட் மீன் பிடிக்கிற நார்வேக்காரர். பத்தொன்பது வயதில் தோரா தொழிற்சாலைப் பட்டறையில் சேர்ந்தாள். அறுபத்து நாலாம் வருடத்துப் பேரலை அந்தப் பட்டறையையே கடலுக்குள் இழுத்துப் போட்டது. தண்ணீர் வடிந்ததும் தோராவும் இன்னும் மூன்று பேருமாகச் சேற்றைத் தோண்டி லேத் என்கிற கடைசல் இயந்திரம் ஒன்றை வெளியே எடுத்தார்கள். துண்டு துண்டாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மறுபடி பூட்டினார்கள். முதலாளி புதிதாக வேறு வாங்கிக்கொண்டதால் லேத் அவளுக்கே வந்தது. கடற்படை முகாமில் மெக்கானிக்காக இருந்த ஒருவரை அவள் கட்டிக்கொண்டாள். அவருக்குக் கலிஃபோர்னியாவுக்கு மாற்றல் வந்தபோது அவள் கூடப் போகவில்லை. லேத்தை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாளாம். ஊரில் அப்படி ஒரு பேச்சு. அவளும் அதை மறுத்ததில்லை.

துப்பாக்கியில் எல்லோரும் குழலையும் கட்டையையும்தான் தடவிப் பார்ப்பார்கள். தோராவின் கண் அடிப்பக்கம்தான் போகும். விசையைச் சுற்றியிருக்கும் காப்பு வளையம், அதன் முன்னால் தோட்டாக்கள் அடுக்கும் மேகசின், அதை மூடுகிற அடித்தகடு. மழையும் உப்புக்காற்றும் முதலில் கடிப்பது அந்த இடத்தைத்தான். அந்த இரும்பை அவள் கடையில் வாங்க மாட்டாள். கட்டியிலிருந்து கடைந்து, அரத்தால் ராவி, தானே செய்வாள்.

எண்பத்து இரண்டாம் வருடம் டிசம்பரில் நிக்கிஃபோர் அவள் பட்டறைக்கு வந்தான். பிறந்தது ஓல்ட் ஹார்பர், குடியிருப்பது கோடியாக்கில்; தீவின் பழங்குடியான அலூட்டிக் இனத்தவன். வேட்டைக்கு வருகிறவர்களை இருபது வருடமாகக் கரடியிடம் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டி வருகிறவன். அவனுடைய பழைய துப்பாக்கியின் அடிப்பக்கம் துருவேறிப் பொத்துப் போயிருந்தது. முந்நூற்று எழுபத்தைந்து ரகப் பெரிய தோட்டாவுக்குப் புதிதாக ஒன்று வேண்டுமென்றான். குழலைப் பற்றிப் பேச அவர்களுக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. அடிப்பக்கத்தைப் பற்றிப் பேச ஒரு மாதம் ஆயிற்று.

"பெட்டியோட கழட்டி மாட்டற மேகசின் வேணாம்," என்றான் நிக்கிஃபோர். "படகுலேருந்து எறங்கறப்ப அது தண்ணிக்குள்ள போகும். அப்புறம் கையில ஒத்தத் தோட்டாதான்."

"நான் அத சொல்லவே இல்லியே. அடியில தகடே வேணாங்கறேன். கட்டையாலயே மூடிடறேன். திறக்கறதுக்கு எதுவுமே இல்லன்னா, தானா திறக்கவும் எதுவும் இல்ல."

"தோட்டாவ வெளிய எடுக்கணும்னா?"

"மேல போல்ட்டுக் கைப்பிடிய இழுத்து ஒண்ணொண்ணா எடு."

"ஒரு நாளைக்கு எட்டு தடவ படகுல ஏறி எறங்கறேன் தோரா. விமானத்துல தோட்டா போட்ட துப்பாக்கிய ஏத்த மாட்டான். வெரல் மரத்துப்போன கையால, வழுக்கற பலகை மேல நின்னுகிட்டு, குண்டு இருக்கற துப்பாக்கிய எட்டு தடவ ஆட்டச் சொல்றியா? என்னிக்காவது ஒருநாள் ஒண்ணு வெடிக்கும். எனக்குப் பொத்தான் வேணும். அமுக்கினா அடித்தகடு திறக்கணும், தோட்டா எல்லாம் உள்ளங்கையில விழணும்."

"பொத்தான் வளையத்துக்குள்ள இருந்தா கையுறை போட்ட வெரல் படும். கரடி வர்ற நேரத்துல உள்ளங்கையில விழும், பரவால்லியா?"

"வெரல் படாத மாதிரி வை. அதுக்குத்தானே உன்கிட்ட வர்றேன், மெக்கானிக்கம்மா? இல்லன்னா ஊர்ல வேற கடையே இல்லியா?"

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் பேச்சு அத்தனை நாள் நீண்டது. கடைசியில் தோரா இறங்கி வந்தாள். வளையத்தைக் கையுறைக்குத் தோதாகச் சற்று அகலமாக்கினாள். பொத்தானை அதன் முன்வளைவில் மேற்பரப்போடு சமமாகப் பதித்தாள். விரல் நுனியால் வேண்டுமென்றே அழுத்தினாலொழிய அது அசையாது. பொத்தானுக்குப் பின்னால், அடித்தகட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு கொக்கி. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். துப்பாக்கி பின்னால் உதைக்கிறபோது, உள்ளே இருக்கும் தோட்டாக்களின் கனத்தையும் தகட்டின் கனத்தையும் அந்தச் சின்ன இரும்புதான் தாங்க வேண்டும்.

விமானி எம்மெட்டும் தன் துப்பாக்கிக்கு அதே மாதிரி கேட்டிருந்தார். ஆகவே ஒரே எஃகுக் கம்பியிலிருந்து இரண்டு கொக்கிகளை வெட்டினாள். செக்கச்செவேலென்று காய்ச்சி எண்ணெயில் தோய்த்தாள். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுபடி மெதுவாகச் சூடாக்கி, எஃகு வைக்கோல் நிறத்துக்கு வருகிற நொடியில் எடுத்துவிட வேண்டும். அதுதான் பதம். அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலையிலிருந்து தொலைபேசி. டப்பா இயந்திரம் நின்றுவிட்டது, நண்டு அழுகப்போகிறது என்று ஒரே கூச்சல். இரண்டே வார்த்தைதான் பேசினாள். திரும்பி வந்து பார்த்தால் கொக்கிகள் வைக்கோல் நிறத்தைத் தாண்டி நீலமாகியிருந்தன.

நீலம் என்றால் பதம் இளகிவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வெட்டியிருக்க வேண்டும். அது ஒருநாள் வேலை. தொழிற்சாலை வண்டி வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. 'போதும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவற்றின் மேல் கறுப்புப் பூச்சு ஏறியதும் நிறம் மறைந்துவிட்டது.

நிக்கிஃபோரின் துப்பாக்கியைப் பன்னிரண்டு தடவை சுட்டுப் பார்த்துக் கொடுத்தாள். ஒரு குறையும் தெரியவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. எம்மெட்டின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மணல் குவாரிக்குப் போனாள். குறிபார்க்கும் தகடு கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது. அதைச் சரிசெய்து சரிசெய்து சுட்டதில் வழக்கத்தை விட அதிகமாகவே சுட்டுவிட்டாள். பத்தொன்பதாவது தோட்டா வெடித்ததும் காலடியில் ஏதோ பொத்தென்று விழுந்தது.

குனிந்து பார்த்தாள். மீதித் தோட்டாக்கள் மூன்றும் ஈரமணலில் கிடந்தன. அடித்தகடு கீலில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த கணம் எல்லாம் புரிந்துவிட்டது. தகட்டை மூடி, சுண்டுவிரலால் தட்டினாள். திறந்துகொண்டது. பட்டறைக்கு ஓடிவந்து கொக்கியைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் வைத்தாள். கத்தி முனை மாதிரி இருக்க வேண்டிய விளிம்பு, சப்பிய மிட்டாய் மாதிரி உருண்டுபோயிருந்தது.

நிக்கிஃபோர் சனிக்கிழமையே போய்விட்டான். ஒஹையோவிலிருந்து வந்த வென்ட்லிங் என்கிற பல் டாக்டரைக் கூட்டிக்கொண்டு தீவின் தெற்கே ஓல்கா விரிகுடாவுக்கு. பன்னிரண்டு தடவை அவள் சுட்டது. குறி சரிபார்க்க அவன் எத்தனை தடவை சுட்டிருப்பான்? நாலா? ஆறா? பத்தொன்பதுக்கு இன்னும் எத்தனை பாக்கி?

மிதவை விமானங்கள் நிற்கும் படகுத்துறைக்கு ஓடினாள். பனிமூட்டம் தண்ணீர் மட்டம் வரைக்கும் இறங்கியிருந்தது. எம்மெட் தன் மிதவை விமானத்தின் இறக்கைக்கடியில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்கச் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"இன்னிக்கு முடியாதும்மா," என்றார்.

"எம்மெட், அவன் காயம்பட்ட கரடி பின்னால போறவன். அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். மலை எங்க இருக்குன்னுதான் எனக்குத் தெரியல. இந்த மூட்டத்துல போனா, மூக்கு இடிச்ச பிறகுதான் தெரியும். நாளைக்குக் காலைல காத்து திரும்பும்னு சொல்றாங்க. வெளுத்த உடனே கிளம்பலாம்."

நிக்கிஃபோரின் வேட்டை முகாமில் ஒரு வயர்லெஸ் உண்டு. படகுத்துறை அலுவலகத்திலிருந்து ஒரு மணி நேரம் கூப்பிட்டுப் பார்த்தாள். இரைச்சல்தான் வந்தது. இன்னும் ஒரே வழிதான் இருந்தது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஊர் வானொலியில் காட்டிலும் கடலிலும் இருப்பவர்களுக்கான செய்திகள் வாசிப்பார்கள். இன்னாருக்குக் குழந்தை பிறந்தது, இன்னாருடைய படகுக்கு உதிரி பாகம் வந்தது என்று. தீவில் எல்லா அடுப்படியிலும் அந்நேரத்துக்கு அந்த நிகழ்ச்சி ஓடும்.

அன்று மதியம் முழுக்கப் புதிதாக இரண்டு கொக்கிகள் செய்தாள். இந்தத் தடவை அடுப்பை விட்டு அவள் கண் அசையவில்லை. ஒன்றை எம்மெட்டின் துப்பாக்கியில் மாட்டி ஐந்து தடவை சுட்டாள். இன்னொன்றைத் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். ஆறடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வானொலி நிலையத்துப் படியேறினாள்.

வாசிப்பவர் ஹார்லன். அவள் எழுதிக்கொண்டு வந்த தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இத இப்படியேவா சொல்லணும்? ஊரே கேக்கும் தோரா. நாளைக்கு உன் கடைப்பக்கம் ஒருத்தன் வரமாட்டான்."

"வேற எப்படிச் சொல்றது?"

"அந்தப் பொத்தான் வச்ச மாடலே ஆபத்து, அவனே கேட்டு வாங்கினான், ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்கன்னு போடலாம். நீதான் ஆரம்பத்துலேருந்தே வேணாம்னு சொன்னியாமே. அவனே தபாலாபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சான்."

அது நினைவுக்கு வராமலில்லை. மதியம் அரம் போடும்போதே வந்தது. சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் மாடல் ஆபத்து என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் நிக்கிஃபோர் என்ன செய்வான் என்பதும் அவளுக்குத் தெரியும். 'மெக்கானிக்கம்மா இன்னும் விடல பாரு' என்று சிரித்துவிட்டு, அதே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு புதருக்குள் போவான்.

"மைக்க என்கிட்ட குடுங்க," என்றாள்.

"ஓல்கா விரிகுடா முகாம், நிக்கிஃபோருக்கு. நான் தோரா பேசறேன். உன் துப்பாக்கியோட அடித்தகட்டுக் கொக்கி பதம் இளகிப் போச்சு. மாடல்ல ஒண்ணும் இல்ல. தப்பு என்னோடது. சுடறப்ப தகடு திறந்து தோட்டா எல்லாம் கீழ கொட்டிடும். அடியில டேப் போட்டு இறுக்கிச் சுத்து. சுத்தற வரைக்கும் புதருக்குள்ள போகாத. காலைல நான் வர்றேன். யாராவது இதக் கேட்டீங்கன்னா, வயர்லெஸ் இருந்தா, தயவுசெஞ்சு அவனுக்குச் சொல்லுங்க."

ஹார்லன் அதை மூன்று தடவை திரும்பப் போட்டார்.

ஏழு மணிக்கு, இன்னும் நல்ல வெளிச்சம் இருக்கும்போதே, பட்டறைக் கதவு தட்டப்படாமல் திறந்தது. நிக்கிஃபோரின் மனைவி அக்ரஃபினா. தலையில் கட்டிய துணியில் மழைத்துளி. நிலைப்படியிலேயே நின்றாள்.

"நீ சொன்னத ஊரே கேட்டுது," என்றாள். "அவரு கேட்டாரா?"

"தெரியல."

"எப்பத் தெரியும்?"

"காலைல."

அக்ரஃபினா உள்ளே வந்து வேலை மேசைக்கு முன் நின்றாள். "காட்டு."

தோரா பழைய கொக்கியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். அக்ரஃபினா அதை விரலால் புரட்டிப் பார்த்தாள்.

"இதுவா? இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இத்துனூண்டு சாமானையா ஒழுங்காச் செய்ய முடியல உன்னால?"

அக்ரஃபினா கொக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, கதவை மூடாமல் போனாள்.

மறுநாள் வெளுக்கும்போது காற்று திரும்பியிருந்தது. மலைகளின் இடுப்பு வரைக்கும் மூட்டம் விலகியிருந்தது. எம்மெட் தண்ணீருக்கு மேலே தாழப் பறந்தார். ஒன்றே கால் மணி நேரமும் தோரா கையைச் சட்டைப்பை மேலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு திருப்பத்தில் மூட்டம் மறித்தது. எம்மெட் வந்தவழியே திரும்பி வேறொரு கணவாய் தேடினார். அதில் போன பதினைந்து நிமிடத்தை அவள் கடைசிவரை மறக்கவில்லை.

முகாமில் சமையல்காரர் டமாசோ மட்டும்தான் இருந்தார். விமானச் சத்தம் கேட்டுக் கரண்டியோடு கரைக்கு வந்தார்.

"நிக்கிஃபோர் எங்க?" தோரா தண்ணீருக்குள் குதித்தபடியே கத்தினாள்.

"மேல போயிட்டாங்க. நேத்து சாயங்காலம் டாக்டரு ஒண்ண சுட்டாரு, சரியாப் படல. ரத்தம் சொட்டிக்கிட்டே புதருக்குள்ள போயிடுச்சு. விடிஞ்சதும் தேடப் போனாங்க. ஏன், என்ன ஆச்சு?"

"ரேடியோ கேக்கலியா நீங்க?"

"பாட்டரி நனைஞ்சு மூணு நாளாச்சும்மா."

எம்மெட் தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். டமாசோ காட்டிய ஓடைக்கரை வழியாக இருவரும் ஏறினார்கள். இருபுறமும் ஆல்டர் புதர், ஆள் உயரத்துக்குப் பின்னிக் கிடந்தது. பத்தடிக்கு அப்பால் கண் தெரியவில்லை.

"இது திறக்காதுல்ல?" எம்மெட் திரும்பாமலே கேட்டார்.

"புதுசு போட்டிருக்கேன்."

"எத்தன தடவ சுட்டுப் பாத்த?"

"அஞ்சு."

எம்மெட் அடித்தகட்டைக் கட்டைவிரலால் ஒருதரம் அழுத்திப் பார்த்துவிட்டு மேலே ஏறினார்.

தோரா கைகளைக் குவித்து வாயில் வைத்து நிக்கிஃபோர் பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்கினாள். காயம்பட்ட கரடி இருக்கிற புதரில் யாரும் அப்படிக் கத்த மாட்டார்கள். எம்மெட்டும் தடுக்கவில்லை. மூன்றாவது தடவை கத்தி வாயை மூடியபோது, மேலே சரிவில் ஒரு வெடிச்சத்தம்.

முந்நூற்று எழுபத்தைந்தின் கனமான சத்தம். அவள் செய்த துப்பாக்கி. அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நின்றாள். அவன் போல்ட்டை இழுத்துத் தள்ள ஒரு நொடி போதும். பழகின கை. ஒரு நொடி போயிற்று. இரண்டாவது சத்தம் வரவில்லை. இன்னொரு நொடி. மேலே ஏதோ உறுமியது. மரக்கிளைகள் முறிந்தன. ஒரு மனிதக் குரல், வார்த்தை இல்லாத குரல். தோரா மறுபடி அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

பிறகு வேறொரு துப்பாக்கியின் சத்தம். அது சன்னமாக, வெடுக்கென்று கேட்டது. ஒன்று. சற்று விட்டு இன்னொன்று. பிறகு ஒன்றுமே இல்லை.

அந்தச் சரிவை எப்படி ஏறினாள் என்று அவளுக்கு நினைவில்லை. முழங்காலிலும் முகத்திலும் கீறல். முதலில் கண்ணில் பட்டது பல் டாக்டர். துப்பாக்கியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால், பழுப்பு மலைபோல, கரடி. அதன் தோளுக்குப் பக்கத்தில் நிக்கிஃபோர் மல்லாந்து கிடந்தான். இடது முன்கை எலும்பு இரண்டும் முறிந்து தோலுக்குள் தொங்கியது. நெற்றித்தோல் கிழிந்து ஒரு கண்ணை மூடியிருந்தது. மற்றக் கண் திறந்திருந்தது.

"யாரு கத்தினது?" என்று கேட்டான்.

"நான்தான்."

"உன் குரல் கேட்டு டாக்டரு முழிச்சுக்கிட்டாரு. அதுவரைக்கும் மரம் மாதிரி நின்னுகிட்டிருந்தாரு பாவம்." மூச்சு இழுத்தான். "அடித்தகடு திறந்துகிச்சு தோரா. இழுத்துத் தள்ளி அமுக்கறேன், டக்குன்னு சத்தம் மட்டும் வருது. உள்ள ஒண்ணுமே இல்ல."

துப்பாக்கி அவன் காலடியில் கிடந்தது. அடித்தகடு தொங்கிக்கொண்டிருந்தது. பாசிமேல் மூன்று தோட்டாக்கள் பளபளவென்று.

"பேசாத," என்றாள். தன் சட்டையைக் கிழித்து, ஆல்டர் குச்சிகளை வைத்து அவன் கையைக் கட்டினாள். விமானத்தில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கோடியாக்கிலிருந்து அவனை ஆங்கரேஜில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கையில் உலோகத் தகடு வைத்து, நெற்றியில் நாற்பது தையல் போட்டார்கள். பதினொன்றாம் நாள் தோரா போய்ப் பார்த்தாள். படுக்கைக்குப் பக்கத்தில் பாதி தின்ற ரொட்டியும் சால்மன் துண்டும் இருந்தன. அவன் சிரித்தான்.

"வந்துட்டாங்க மெக்கானிக்கம்மா. ரேடியோல நல்லாப் பேசினியாமே? எல்லாரும் கேட்டாங்க, என்னைத் தவிர."

"நிக்கி, ரேடியோல நான் முழுசா சொல்லல."

"இன்னும் என்ன?"

"கொக்கி பதம் போயிடுச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும். நீலமாயிடுச்சு. கண்ணால பாத்தேன். மறுபடி செய்யணும்னும் தெரியும். போதும்னு விட்டுட்டேன்."

அவன் சிரிப்பு முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் நின்று, பிறகு போயிற்று. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"போ, தோரா," என்றான். குரலை உயர்த்தவில்லை.

போனாள்.

அந்தக் கோடையில் இரண்டு பேர் வேலைக்குக் கொடுத்திருந்த துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் மரியாதையாகக் காரணம் சொன்னார். தான் இதுவரை செய்துகொடுத்த பதினேழு துப்பாக்கிகளின் சொந்தக்காரர்களுக்கும் அவளே கடிதம் எழுதினாள், கொக்கியைக் கழற்றி அனுப்புங்கள் என்று. அனுப்பியவற்றை எல்லாம் சோதித்தாள். மற்ற எல்லாமே சரியாகத்தான் இருந்தன. அதில் அவளுக்கு ஆறுதல் ஏதும் கிடைக்கவில்லை. எம்மெட் மட்டும் வழக்கம்போல் வந்து மேசையில் சாய்ந்து வானிலை பேசிவிட்டுப் போவார்.

செப்டம்பரில் ஒருநாள் நிக்கிஃபோர் உள்ளே வந்தான். இடது கை முழுக்க நீளவில்லை, முழங்கையில் வளைந்தே நின்றது. வலது கையால் துப்பாக்கியை மேசைமேல் வைத்தான். மே மாதத்துக்குப் பிறகு அவனை அவள் பார்ப்பது அப்போதுதான்.

"அடுத்த வசந்தத்துக்கு வேணும்," என்றான்.

"அடிப்பக்கத்த மூடிடறேன். தகடே வேணாம். நான் காசு எதுவும்..."

"மூடக்கூடாது. அதே வளையம், அதே பொத்தான். இப்ப எனக்கு ஒன்றரைக் கைதான். தோட்டா எறக்கறதுக்கு முன்ன விட இப்பத்தான் அது வேணும்." மேசையில் கையை ஊன்றினான். "அன்னிக்குத் திறந்தது பொத்தானால இல்ல. உன்னால."

"ஆமா."

"அப்ப பொத்தான் மேல ஏன் பழியப் போடற? செய். நான் நின்னு பாக்கறேன்."

நின்று பார்த்தான். கம்பியை வெட்டியது முதல் கடைசி அரம் வரை, ஒரு பகல் முழுக்க. எண்ணெயில் தோய்க்கும்போது புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டானே தவிர, விலகவில்லை. எஃகு வெளுத்து, மெல்ல மஞ்சளேறி, வைக்கோல் நிறத்துக்கு வந்தபோது அவள் இடுக்கியால் வெளியே எடுத்தாள்.

"இதானா?" என்றான்.

"இதான்."

குவாரியில் அவள் அறுபது தடவை சுட்டாள். அவன் வளைந்த கையோடு பெட்டிமேல் உட்கார்ந்து சத்தமாக எண்ணினான். நாற்பதுக்கு மேல் அவள் தோள் கன்றிப்போய், ஒவ்வொரு உதைக்கும் பல்லைக் கடித்தாள். அவன் போதுமென்று சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. அறுபதாவதுக்குப் பிறகு கொக்கியைக் கழற்றி இருவரும் மாறி மாறிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். விளிம்பு வெட்டினபடியே இருந்தது.

அந்தத் துப்பாக்கியோடு அவன் இன்னும் ஒன்பது வருடம் கரடிக்குப் போனான். அவர்களுக்குள் பழைய கேலி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ஆனால் மெக்கானிக்கம்மா என்று மட்டும் அவன் பிறகு கூப்பிடவே இல்லை, தோரா என்றுதான்.

அக்ரஃபினா இரண்டு குளிர்காலம் அவளோடு பேசவில்லை. எதிரே வந்தால் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவாள். மூன்றாம் வருடம் மளிகைக் கடை வரிசையில் இருவரும் முன்னும் பின்னுமாக நிற்க நேர்ந்தது. அக்ரஃபினா திரும்பிப் பார்த்தாள்.

"தென்கிழக்குக் காத்து அடிச்சா அவரு கை வலிக்குது," என்றாள். "ராத்திரி தூங்கறதில்ல. நீ தெரிஞ்சுக்கணும்."

"சொன்னது நல்லதாப் போச்சு."

"உன் நல்லதுக்குச் சொல்லல."

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் நின்று சொல்வாள். இந்த வாரம் பரவாயில்லை என்பாள், விரல் மரத்துப்போகிறது என்பாள், டாக்டர் புது மாத்திரை கொடுத்திருக்கிறார் என்பாள். தோரா கையிலிருக்கிற சாமானைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்பாள். வேறு எதைப் பற்றியும் இருவரும் பேசிக்கொண்டதில்லை.